வெளிச்சம் இருந்த ஒரே ஜன்னல்

எண்ணெய் விற்பதை நம்பி வாழ்ந்த முன்னாள் சோவியத் நாடொன்றுக்கு, வீடுகளைச் சூடாக்கக் கொடுத்துவந்த மானியத்தை நிறுத்தச் சொல்லி அறிக்கை எழுதியவள் பிரபாலினி. சூரிச்சில் பொருளாதார ஆலோசகர். மானியம் நின்ற பிறகு, ஜனவரியில் அந்த நாட்டுக்குப் போனாள். ஐந்து மாடிக் குடியிருப்பில் ஒரு ஜன்னலில்தான் வெளிச்சம்; மற்றவர்கள் குளிர் தாங்காமல் போய்விட்டிருந்தார்கள். தனியாக இருந்த ஐனூர் என்ற பெண், அலமாரிக் கதவை உடைத்து எரித்துத் தேநீர் வைத்துக் கொடுத்தாள்.

"இதை யார் முடிவு செய்தது?" என்று ஐனூர் கேட்டாள்.

பிரபாலினி தேநீரைக் குடித்து முடித்தாள்.

சூரிச்சுக்குப் பக்கத்தில், அம்மாவோடு வசித்த பாடனுக்குத் திரும்பியவள், சூடாக்கியை அணைத்துவிட்டு வீட்டிலும் கோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் பிள்ளை, ஹைட்சுங்கை நிப்பாட்டி வச்சிருக்கிறாய்?" என்றார் அம்மா.

"அங்க தேத்தண்ணி தந்த மனிசி கண்ணுக்குள்ள என்னையே பாத்துக்கொண்டு நிக்கிறா, அம்மா."

மானியத்தை மறுபடி கொடுக்கச் சொல்லி மார்ச்சில் அந்த நாட்டு அரசுக்கு எழுதினாள். எண்ணெய் விலை ஏறியிருந்ததால் அரசு உடனே சம்மதித்தது. வீடுகளைச் சூடாக்கும் குழாய்களில் மறுபடி வெந்நீர் ஓடியது. ஆனால் அந்த ஒரு ஜன்னலும் இருண்டிருந்தது; ஐனூர் எங்கே போனாள் என்று எவருக்கும் தெரியவில்லை.