விருந்தாளியின் நாற்காலி

லாமு தீவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்த கருங்காலி நாற்காலியில் வீட்டார் உட்காருவதில்லை. எலும்பு பதித்துச் செதுக்கிய நேரான முதுகு, கயிறு பின்னிய இருக்கை, கீழே தனியாகக் கால் வைக்க ஒரு பலகை. பழைய குடும்பத்தார் வந்தால் நாற்காலி, மற்றவர்களுக்குப் பாய். பெண் கேட்டு வருகிறவரை நாற்காலியில் உட்காரச் சொன்னால் சம்மதம். பாயில் உட்காரச் சொன்னால் அவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். வாய் திறந்து யாரும் மறுக்க வேண்டியதில்லை.

என் கணவர் அத்மானுக்கு நெஞ்சில் நீர் கோத்தபின் எங்கே உட்கார்ந்தாலும் மூச்சு முட்டியது. அந்த நாற்காலியில் மட்டும் கொஞ்சம் மூச்சு வந்தது. அவருடைய அண்ணன் ஃபாமாவு அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை.

"சொந்த வீட்டுல நீ விருந்தாளியாடா?"

"கொஞ்ச நாள்தானே அண்ணே. விருந்தாளிதான்."

அப்போதுதான் மீன்பிடிக்கிற கோம்போ, தன் மகனுக்கு எங்கள் மகள் மயிமூனாவைக் கேட்டு வந்தார். அவனைத் தவிர யாரையும் கட்டமாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தாள். என் கணவர் இன்னும் சம்மதம் தந்திருக்கவில்லை. நானும் அவளும் திரைக்குப் பின்னால் நின்றோம்.

"வாங்க, வாங்க," என்றார் ஃபாமாவு. "நாற்காலி காலியில்ல. பாய் தாராளமா இருக்கு."

கோம்போ சிரித்தார். "வலைக்காரனுக்குப் பாய் என்ன புதுசா?" என்று குனிந்தார். மயிமூனாவின் நகம் என் கையில் இறங்கியது.

"அங்க உக்காராதீங்க," என்றார் அத்மான். கைப்பிடியை அழுத்தி எழுந்தார். தள்ளாடிக் கீழே இறங்கிக் கால் பலகையில் அமர்ந்தார். "இப்ப காலி. உக்காருங்க சம்பந்தி."

"பைத்தியமாடா உனக்கு? அப்பா இருந்தா என்ன சொல்லுவாரு?"

"சீக்கிரமே அவரைப் பார்க்கப் போறேன். நானே கேட்டுக்கறேன்."

கோம்போ உட்காரவில்லை. "நீங்க மூச்சுக்குத் திணறிக்கிட்டு எனக்கு என்னங்க மரியாதை?"

"மரியாதை உங்களுக்கு இல்ல. என் பொண்ணுக்கு."

கோம்போ உட்கார்ந்தார். பிறகு முன்னால் நகர்ந்து, என் கணவரின் தோள்களைப் பிடித்துத் தன் முழங்கால்களில் நேராகச் சாய்த்துக்கொண்டார்.

"நல்லா சாஞ்சுக்கங்க. சுக்கானுக்கு முட்டுக் கொடுத்த காலு இது."

ஃபாமாவு காப்பி குடிக்காமலே வெளியேறினார். அவர் மறுபடி எங்கள் வாசல்படி ஏறியது தம்பி இறந்து ஜனாஸா எடுத்த அன்றைக்குத்தான்.

அத்மானின் மூச்சு சீராக நெடுநேரம் ஆயிற்று. கண்ணைத் திறக்காமலே திரைப்பக்கம் குரல் கொடுத்தார்:

"மயிமூனா, உன் மாமனாருக்குக் காப்பி கொண்டா."