நாலு ஆட்டின் ராணி

அம்சவள்ளியோடு சீட்டாட உப்பளத்தில் யாரும் வருவதில்லை. மரக்காணம் அளத்தில் பதினெட்டு வருஷமாக உப்பு வாருகிறவள் அவள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொட்டகையில் பெண்கள் புளியங்கொட்டை வைத்து ரம்மி ஆடுவார்கள். அவள் உட்கார்ந்தால் நாலாவது சுற்றிலேயே, "ராசம்மா, கிளாவர் எட்டுக்குத்தானே காத்துட்டிருக்க? ரெண்டும் போயிடுச்சு, விடு" என்பாள். யார் எதை எடுத்தார்கள், எதைப் போட்டார்கள் என்பது அவளுக்கு மறக்காது. "நீ வந்தா ஆட்டமே இல்லடி" என்று ஒருநாள் சீட்டை மூடி வைத்துவிட்டார்கள். அன்று முதல் மதியத்தில் ஓரமாகப் படுத்துக்கொள்வாள். தூக்கம் வராது.

2005 ஐப்பசியில் மழை கொட்டியது. அளம் முழுக்கத் தண்ணீர், தை வரைக்கும் வேலை இல்லை. அந்தச் சமயத்தில்தான் கூனிமேடு பஸ் ஸ்டாப்பில் மூணு சீட்டு ஆட்டம் நடத்தும் இரண்டு பேரைப் பார்த்தாள். ஷஃபி சாக்கை விரித்து மூன்று சீட்டைக் கவிழ்த்து மாற்றிப் போடுவான். பணம் கட்டி ராணி எது என்று காட்ட வேண்டும். கூட்டத்தில் யாரோ ஒருவன்போல நின்று ஜெயிக்கிற வேலை சிவப்பிரகாசத்துக்கு. அம்சவள்ளி பணம் கட்டவில்லை. சும்மா நின்றவள், "ராணி இது" என்று இரண்டு தடவை சரியாகக் காட்டினாள். மூன்றாவது தடவை, "இந்த மூணுலயும் இல்ல. உன் முட்டிக்குக் கீழ இருக்குது" என்றாள். கூட்டம் சாக்கைப் பிடித்து இழுத்தது. இரண்டு பேரும் சாக்கை விட்டுவிட்டு ஓடினார்கள்.

மறுநாள் அவள் வீட்டு வாசலில் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து நின்றார்கள்.

"சண்டை போட வரலக்கா. ஒரு ஆட்டத்துக்குக் கூப்பிட வந்தோம்" என்றான் ஷஃபி. ஏகாம்பரம் என்ற உப்பு வியாபாரி லோடு ஏற்றுவதற்காக வந்து ரோட்டோர கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருக்கிறாராம். ரம்மிப் பைத்தியமாம். ஷஃபி கல்ஃபிலிருந்து வந்த பணக்காரன் என்று அவர் காதில் போட்டு வைத்திருக்கிறார்களாம். அவள் சமையல்காரியாக வரவேண்டும், ஆள் குறைகிறது என்று அவர்கள் உட்கார வைப்பார்கள். இந்தத் திட்டத்தை டீக்கடை டிவியில் பார்த்த பழைய சிரிப்புப் படத்திலிருந்து எடுத்திருந்தான். பாதிப் படத்தில் கரண்ட் போய்விட்டதால் முடிவு தெரியாது.

"ஏமாத்துற ஆட்டம் நான் ஆடமாட்டேன்."

"நீ ஒழுங்காவே ஆடுக்கா, அது போதும். முதல் ஆட்டம் மட்டும் தோத்துடு, ஆளுக்கு ஆசை வரட்டும்."

"அவரு நல்லா ஆடுவாரா?"

"மெட்ராஸ்ல அவர அடிக்க ஆளே இல்லயாம்" என்றான் சிவப்பிரகாசம்.

அதைக் கேட்டதும் அவளுக்கு மறுக்கத் தோன்றவில்லை. புருஷன் பாவாடையும், "வீட்ல செவுத்தப் பாத்துக்கினு இருக்கறதுக்குப் போய்ட்டு வா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை நெத்திலிக் குழம்பு வைத்துப் பரிமாறினாள். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, விரலில் கல் மோதிரம் என்று இருந்த ஏகாம்பரம் சாப்பிட்டுக் கைகழுவியதும், "அம்மாவுக்கு ஆடத் தெரியுமா? நாலு பேர்னா நல்லாருக்கும்" என்று தானே கேட்டார். ஷஃபிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

முதல் ஆட்டத்தில் தோற்க வேண்டும். ஆனால் கையில் சேர்ந்த சீட்டைக் கலைத்துப் போட அவளுக்கு மனசு வரவில்லை. எட்டாவது சுற்றில் கீழே விரித்து ஜெயித்துவிட்டாள். பாயில் பக்கத்தில் இருந்த சிவப்பிரகாசம் அவள் காலை அமுக்கினான்.

"ஏம்பா கால மிதிக்கிற?" என்று சத்தமாகவே கேட்டாள்.

இரண்டாவது ஆட்டத்தில் ஏகாம்பரம் முந்திக்கொண்டு சீட்டை விரித்தார். அம்சவள்ளி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருங்க. ரெண்டு கட்டுல ஆட்டின் ராணி ரெண்டுதான். ஒண்ணு பக்கத்துல இருக்கற இந்தத் தம்பி போட்டது, கீழ கெடக்குது. ஒண்ணு என் கையில. மூணாவது உங்ககிட்ட எப்படி வந்துச்சு?" பிறகு ஷஃபியைப் பார்த்தாள். "நாலாவது உன்கிட்ட. மடியிலேருந்து எடுத்தியே, பாத்தேன்."

ஏகாம்பரத்தின் சட்டைக் கையிலிருந்து இன்னொரு சீட்டு நழுவிப் பாயில் விழுந்தது.

"ஐப்பசியில எவன் உப்பு லோடு ஏத்த வருவான்? வந்ததுலேருந்து அதான் யோசிச்சுக்கினு இருந்தேன்" என்றாள் அம்சவள்ளி. கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த சிவப்பிரகாசம் தலையில் அடித்துக்கொண்டான்.

ஏகாம்பரம் சிரித்துவிட்டார். "கல்ஃப்லேருந்து வந்த பணக்காரப் பையன், சீட்டு தெரியாதுன்னு சொன்னாங்க. உனக்காகத்தான்பா ரூம் போட்டு மூணு நாளா காத்திருந்தேன். சமையக்காரி ஐடியா எங்க புடிச்ச?"

"ஒரு படத்துல" என்றான் ஷஃபி.

"நான் அத முழுசாப் பாத்தவன்."

அம்சவள்ளிக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ் ஏறி வந்து, சமைத்து, கடைசியில் ஆடத் தெரியாத மூன்று பேர் நடுவில் உட்கார்ந்திருக்கிறோமே என்று எரிச்சலாக இருந்தது. "சட்டைக் கைய மடக்குங்க" என்றாள். "புதுசா ரெண்டு கட்டு பிரிங்க. பணம் வேணாம். நானும் நீங்களும் ஆடுவோம்."

"ஒழுங்கா ஆடி இருவது வருஷம் ஆச்சும்மா."

"பரவாயில்ல."

நான்கு ஆட்டம் அவளே ஜெயித்தாள். ஐந்தாவதில் ஏகாம்பரம் மெதுவாக ஆடினார். அவளுக்கு வேண்டிய சீட்டை, தனக்கு ஒன்றுக்கும் உதவாததை, கடைசிவரை கையில் பிடித்தே வைத்திருந்தார். அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவரே முந்தி விரித்தார். தோற்றதில் இத்தனை சந்தோஷம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"நீங்களும் ஞாபகம் வச்சிருக்கீங்க" என்றாள்.

"மறந்துட்டேன்னு நெனச்சேன்" என்றார் ஏகாம்பரம்.

அதன்பிறகு மாதம் ஒரு ஞாயிறு அவர் மரக்காணத்துக்கு வந்தார். பாவாடை டீ வாங்கி வருவான். இருட்டுவதற்குள் எட்டு பத்து ஆட்டம் ஆகிவிடும், பாதிக்குப் பாதி ஜெயிப்பார்கள். பஸ் ஸ்டாப்பில் முகம் தெரிந்துபோனதால் ஷஃபி ஆரோவில்லில் டிரைவர் வேலைக்குப் போனான். சிவப்பிரகாசம் மீன்பிடிக்கக் கடலுக்குத் திரும்பினான். 2006 ஆனியில் ஏகாம்பரம் வரவில்லை. ஏதோ ஊர்க் கல்யாண மண்டபத்தில் சீட்டு மறைத்துப் பிடிபட்டு உள்ளே இருப்பதாக ஷஃபிதான் சொன்னான்.

அளத்தில் ஒருநாள் லீவு கேட்டுக்கொண்டு அம்சவள்ளி பார்க்கப் போனாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்ற ஏகாம்பரம் தலை குனிந்திருந்தார்.

"எதுக்கும்மா வந்த?"

"போன மாசம் கடைசி ஆட்டத்துல இஸ்பேட் ஒம்பத எதுக்குப் போட்டீங்க? அத வச்சிருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்க. ஒரு மாசமா யோசிக்கிறேன், புரியல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கம்பிக்கு நெருங்கி வந்து, முதல் சுற்றிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். கொடுத்த பத்து நிமிஷமும் அதிலேயே போயிற்று.