சம்பந்தியின் தராசு

இராமையாவுக்கு அந்தச் சங்கத்தின்மேல் நம்பிக்கை வரவில்லை. ராகலை ஊருக்கு மேலே மலையில் அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்களிடம் நேரே கொழுந்து வாங்கி, 'ஃபெயார் ட்ரேட்' என்கிற நியாய வணிகக்காரர்களுக்குக் கொடுக்கப் போகிறார்களாம். வெளிநாட்டில் தேநீர் குடிக்கிறவன் விலைக்கு மேலே கொஞ்சம் சேர்த்துத் தருவானாம். அதை எதற்குச் செலவழிப்பது என்று தோட்டக்காரர்களே கூடிப் பேசி முடிவு செய்யலாமாம்.

"குடிக்கிறவன் எதுக்கும்மா கூடக் குடுக்கணும்? நாங்க அவனுக்கு மாமனா, மச்சானா?"

கொழுந்து நிறுக்க வந்திருந்த சங்கத்துப் பெண் ஷாமிலா சிரித்தாள். "விளைய வைக்கிறவங்க கையிலயும் ஏதாவது நிக்கணும்னுதாங்க ஐயா. ஒரு தடவை நிறுத்துப் பாருங்க. கையெழுத்து அப்புறம்."

சிரித்துப் பேசுகிறவர்களிடம் இராமையா இரண்டு மடங்கு எச்சரிக்கையாக இருப்பார். மறுநாள் காலை இரண்டு சாக்குக் கொழுந்தோடு, கடையில் வாங்கிய, பிரிக்காத ஐந்து கிலோ அரிசிப் பையையும் சந்திக்குக் கொண்டுவந்தார். முதலில் அரிசியைத்தான் சங்கத் தராசின் கொக்கியில் மாட்டினார். ஐந்து காட்டியது. இறக்கி, மறுபடி மாட்டினார். அப்போதும் ஐந்துதான்.

"அரிசியும் வாங்குவோம்னு சொல்லலையே ஐயா."

"நீ பேசாம நம்பரைப் பாரும்மா."

பிறகு கொழுந்து ஏறியது. சாக்கின் எடை போக நாற்பத்தொரு கிலோ என்றாள்.

இராமையாவின் முகம் கறுத்தது. பன்னிரண்டு வருடமாக அவருடைய கொழுந்தை வாங்கிப் போகிறவர் கந்தப்பன், மகள் நிஷாந்தியின் மாமனார். இதே இரண்டு சாக்கு கந்தப்பனின் தராசில் ஒரு நாளும் முப்பத்தாறைத் தாண்டியதில்லை. கேட்டால், "ஈரம் போக இவ்வளவுதான் சம்பந்தி" என்பார். காய்ந்த மாசியிலும் ஈரம்தான் சொல்வார். நல்ல குடும்பம் பார்த்துப் பெண் கொடுத்தேன் என்று லயத்து வீடுகள் முழுக்கப் பெருமை பேசியவர் இராமையா. பழியை ஷாமிலாவின்மேல் போட முடியுமா என்றுதான் மனம் தேடியது. அரிசிப் பை அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அந்நேரம் கந்தப்பனின் லொறி வந்து நின்றது. அதன் பின்புறத்தில் அவருடைய தராசு தொங்கியது.

"அண்ணே, அந்த அரிசியைச் சம்பந்தி தராசுலயும் ஒருக்கா மாட்டுங்க," என்றாள் பக்கத்துத் தோட்டத்துப் பேச்சியம்மா. "அரிசிக்கும் ஈரமான்னு பாத்துருவோம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இறங்கி வந்த கந்தப்பனின் கண், ஷாமிலாவின் பதிவேட்டில் எழுதியிருந்த நாற்பத்தொன்றில் விழுந்தது.

"என்ன சம்பந்தி, கொழுந்து இங்க கிடக்கு?"

இராமையா அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு லொறியை நோக்கி நடந்தார். ஐந்து கிலோவை நாலரை என்று காட்டினால் போதும், பன்னிரண்டு வருடமும் சந்தியில் கொட்டிவிடும். அதோடு நிஷாந்தி வாழ்கிற வீட்டின் பெயரும் போகும். நாளைக்கு அவள் இந்தச் சந்தி வழியாகத்தான் கடைக்குப் போகவேண்டும். அவர் நின்றார். பையைப் பேச்சியம்மாவின் கையில் கொடுத்தார்.

"உங்க தராசுக்கு வயசாயிருச்சு சம்பந்தி. உள்ளுக்குத் துருப் பிடிச்சிருக்கும். டவுனுக்குக் கொண்டுபோய்ச் சரி பண்ணுங்க. அதுவரைக்கும் யார் கொழுந்தையும் அதுல நிறுக்காதீங்க."

கந்தப்பன் தன் தராசைத் திரும்பிப் பார்த்தார். "நானும் நினைச்சேன் சம்பந்தி. போன மழையில நனைஞ்சுபோச்சு."

"ஆமா. அந்த ஈரமாத்தான் இருக்கும்."

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. லொறி வெறுமையாகத் திரும்பியது.

"சரி பண்ணிட்டு வந்தா மறுபடி அவருக்குத்தானாங்க ஐயா?" என்று ஷாமிலா மெல்லக் கேட்டாள்.

"கொழுந்து இனி இங்கதான். அவருகூடப் பேச வேண்டியதை வீட்டுல பேசிக்கிறேன். ஃபாரத்தைக் குடு."

இரண்டு முறை வாசித்தார். திருப்பிப் பார்த்தார்.

"பின்பக்கம் வெறுமையா இருக்கே, இதுல அப்புறம் என்ன எழுதுவீங்க?"

"ஒண்ணும் எழுத மாட்டோம்ங்க ஐயா."

இராமையா பேனாவை வாங்கி, அந்த வெற்றுப் பக்கத்தில் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார். பிறகுதான் முன்பக்கம் திருப்பிக் கையெழுத்துப் போட்டார்.