கண் மூடிய ஸ்லேன்

ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமை மதியம், ஹட்சன் நதிக்கரை ட்ராய் நகரத்தில் ரோசலி பின்ஷோவின் சமையலறையில் மூன்று பேர் கூடிச் சண்டை போடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக ஒரே சண்டைதான். நூறு வருடங்களுக்கு முன் சிகரெட் பெட்டிக்குள் வைத்து விற்ற பேஸ்பால் வீரர்களின் புகைப்பட அட்டைகளில், கிடைத்தால் போதும், மற்றதையெல்லாம் விட்டுவிடலாம் என்று தோன்றவைக்கிற அட்டை எது? தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய, தேநீர் நிறத்துக்கு மங்கிப்போன அந்தத் துண்டுகளுக்காக மூவரும் குரல் கம்மும்வரை கத்துவார்கள். கடைசியில் கை தூக்கி ஓட்டுப் போடுவார்கள்.

ஓட்டுக்கு ஒரு விதி உண்டு. இங்கே இருக்கிறவர்களில் இன்னொருவராவது அந்த அட்டையைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். ஆரின் டட்டிலின் வாயை அடைக்கவே ஹாலிஸ் பிராண்ட் அந்த விதியைப் போட்டார். ஹாலிஸ் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர் கற்பிப்பதை நிறுத்துவார் என்று யார் சொன்னது?

ஆரின் முன்னாள் பேருந்து ஓட்டுநர், சாது. 1948-இல், பத்தொன்பது வயதில், யூட்டிகாவில் ஒரு முடிதிருத்தகத்தில் தன் முறைக்காகக் காத்திருந்தபோது, கண்ணாடிச் சட்டத்தில் செருகியிருந்த, எம்மெட் ஸ்லேன் என்ற பழைய வீரனின் அட்டையைப் பார்த்தார். அந்த அட்டைகள் வந்த காலத்தில் படத்தை ஸ்டூடியோவுக்குள்தான் எடுப்பார்கள். கூரையிலிருந்து நூலில் பந்தைத் தொங்கவிட்டு, அதைப் பிடிக்கப்போவதுபோல வீரனை ஆடாமல் அசையாமல் நிற்கச் சொல்வார்கள். ஸ்லேனும் அப்படித்தான் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றான். ஆனால் கண்கள் மூடியிருந்தன. தூரத்தில் யாரோ பாடுவதைக் கேட்கிறவன் முகம். அடுத்த வாரம் போனபோது கடையே கைமாறியிருந்தது, கண்ணாடியும் இல்லை.

அன்றிலிருந்து நாற்பத்து மூன்று வருடமாக அதைப் போல ஒன்றை வேறு யாரும் கண்டதில்லை. ஸ்லேனுக்கு மூன்று அட்டைகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். மூன்றிலும் அவன் முழித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

ஆரினின் கனவில் அந்தப் பந்து மெல்ல ஆடும். நூல் மேலே போய்க்கொண்டே இருக்கும், கூரை வரவே வராது. சமீபகாலமாக அவருக்கு ஒரு பயம் பிடித்திருந்தது. முதலில் வந்தது முடிதிருத்தகமா, கனவா? பார்த்ததால் கனவு வந்ததா, கனவு கண்டதைத்தான் பார்த்ததாக ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாரா? இதை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான்.

இந்த வருடமும் சண்டை வழக்கம்போல் தொடங்கியது.

"நாய் இருக்கிற அட்டைக்குத்தான் என் ஓட்டு. படம் எடுக்கிறப்ப நாய் அசைஞ்சிருச்சு, அதுக்கு ரெண்டு தலை. இதைவிட என்னய்யா வேணும்?" என்றாள் ரோசலி.

"ரெண்டு தலை நாய்க்கு ஓட்டுப் போட உனக்கும் ரெண்டு தலை இருக்கணும். பேர் மாத்தி அச்சடிச்சு ஒரே வாரத்துல நிறுத்தின அட்டைதான் முதல்ல. இதுல பேச என்ன இருக்கு?" என்ற ஹாலிஸ், ஆரின் பக்கம் திரும்பினார். "நம்ம தூங்குமூஞ்சிக்கு ஓட்டு உண்டா இந்தத் தடவை?"

"போட்டாலும் நீ எண்ணப்போறதில்லையே."

"யாராவது பாத்திருந்தா எண்ணுவேன். நானா வேண்டாங்கிறேன்?"

ரோசலி எழுந்து போய் ஒரு பழைய ஒட்டுப்புத்தகத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். ஷெனெக்டடியில் ஒரு வீட்டுச் சாமான்கள் விற்பனையில் வாங்கியது. யாரோ ஒரு குழந்தை காய்ந்த பூக்களையும் சோப்பு விளம்பரங்களையும் அதில் ஒட்டியிருந்தது. ஒரு பக்கத்தில் ஒரு சிகரெட் அட்டையை மட்டும் முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து ஒட்டியிருந்தது. அட்டையின் முதுகில் பென்சிலால் கோணல்மாணலாக, 'ஸ்லேன். செத்தவன் மாதிரி இருக்கான். வேண்டாம்.'

ஆரின் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பிள்ளைங்க என்ன வேணா எழுதும்," என்றார் ஹாலிஸ். ஆனால் குரலில் பழைய தெம்பு இல்லை.

"கழட்டிப் பாத்துருவோமே. நீதானே அதுல புலி," என்றாள் ரோசலி.

பழைய புத்தகத்தில் ஒட்டிய அட்டையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிப்பது இவர்கள் வழக்கம். ஹாலிஸ் அதில் கெட்டிக்காரர். நூற்றுக்கணக்கில் பிரித்திருக்கிறார். ஆனால் இந்த அட்டையில் படம் என்பது மெல்லிய தாள், அதைத் தடித்த அட்டையில் ஒட்டியிருப்பார்கள். ஊறினால் அதுவும் பிரியலாம். கவிழ்த்து ஒட்டியது என்றால் ஆபத்து இரட்டிப்பு.

"உன் விருப்பம், ஆரின். இப்படியே விட்டாலும் விடலாம்," என்றார் ஹாலிஸ்.

விட்டால் அட்டை பிழைக்கும். ஆனால் ஆரினின் கேள்வி அவரோடேயே சாகும். ஆரின் வெகுநேரம் அந்தப் பென்சில் எழுத்தையே பார்த்தார். "ஊறப் போடு," என்றார்.

ரோசலி ருபார்ப் தண்டு அடைத்த இனிப்புப் பலகாரம் சுடுகிற கண்ணாடிப் பாத்திரத்தைக் கழுவிக் கொண்டுவந்தாள். பக்கத்தைக் கத்தரித்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் மெல்ல இறக்கினார்கள்.

"யாரும் கை வைக்கக் கூடாது," என்றார் ஹாலிஸ், வகுப்பில் சொல்வதுபோல. "எவ்வளவு நேரமானாலும் சரி. தண்ணி தானா விடும்."

ஜன்னலுக்கு வெளியே ஹட்சன் நதி வெயிலில் அசைகிறதா இல்லையா என்று தெரியாமல் கிடந்தது. மூவரும் பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். காலம் எங்கோ போய்விட்டு வந்தது. ஒருகட்டத்தில் ஆரினுக்கு, தானே தண்ணீருக்கு அடியிலிருந்து இந்த மூன்று முகங்களையும் பார்ப்பதாகத் தோன்றியது.

முதலில் தடித்த அட்டை மட்டும் கழன்று ஓரமாக மிதந்தது. படம் பக்கத்தோடேயே கிடந்தது. பிறகு அதன் ஒரு மூலை எழும்பியது. ஓரம் சுருண்டது. யாரும் தொடாமலே அந்தத் தாள் தண்ணீருக்குள் புரளத் தொடங்கியது.

ஆரின் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

வேண்டுமென்று மூடவில்லை. நாற்பத்து மூன்று வருடம் காத்திருந்த மனிதர், அவன் கண் திறந்திருந்தால் தன் கதி என்ன என்ற ஒரே நினைப்பில் மூடிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

"அம்மாடி..." என்றாள் ரோசலி.

தண்ணீர் சலசலத்தது. "தொடாத ஹாலிஸ்! ஐயோ, தொடாதய்யா!"

ஆரின் கண்ணைத் திறந்தபோது ஹாலிஸின் ஆள்காட்டி விரல் தண்ணீருக்குள் இருந்தது. அதைச் சுற்றிப் பழுப்பு நிறத் தூள்கள் சுழன்றுகொண்டிருந்தன. பசை அரித்திருந்த தாள், தொட்டதும் கரைந்துவிட்டது. ஒரு துணுக்கில்கூட முகம் என்று எதுவும் மிஞ்சவில்லை.

"வெளிய எடுத்துரலாம்னு..." ஹாலிஸ் விரலை வெளியே எடுத்தார். "அவனை எடுத்து உன் கையில குடுத்துரலாம்னு நினைச்சேன், ஆரின். முப்பது வருஷமா தண்ணியில இருக்கிறப்ப ஒண்ணைக்கூட தொட்டதில்லை. என்னை மன்னிச்சிரு."

"நான் பாக்கலை," என்றார் ஆரின்.

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

"கண்ணை மூடிட்டேன். எப்படி இருந்தான்னு சொல்லுங்க."

ஹாலிஸ் ஈரக் கையோடு நாற்காலியில் சரிந்தார். "மூடித்தான் இருந்துச்சு. ரெண்டு கண்ணும். எதையோ காது குடுத்துக் கேக்கிற மாதிரி..." தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் காட்டினார். "இப்படி. வலது கை கொஞ்சம் மேல."

"இடது கைதான்யா மேல இருந்துச்சு," என்றாள் ரோசலி.

"வலது. நான் நேருக்கு நேர் பாத்தேன்."

"நீ எங்க பாத்த? நீதான் விரலை விட்டு ஆட்டிக்கிட்டு இருந்தியே! இடது கைதான். பந்து அதுக்கு ஒரு ஜாண் மேல நின்னுது."

"ஒரு ஜாணா? நாலு விரல்கூட இருக்காது!"

சண்டை சூடுபிடித்தது. ஹாலிஸ் மேஜையைத் தட்டினார். ரோசலி எழுந்து நின்று ஸ்லேனைப்போலக் கையை நீட்டிக் காட்டினாள். தன்னுடைய ஸ்லேனுக்காக இரண்டு பேர் அடித்துக்கொள்வதை ஆரின் வாழ்நாளில் முதல்முறையாகப் பார்த்தார். எந்தக் கை மேலே இருந்தது என்று, யூட்டிகாவில் பார்த்த அவருக்கு நன்றாகத் தெரியும். சொன்னால் சண்டை நின்றுவிடுமே என்று வாயைத் திறக்காமல், கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல், அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.