காடு உனக்கு, ஓவியம் எனக்கு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. எங்கள் நடைக்குழுவில் எல்லோருக்கும் பின்னால் மூச்சு வாங்க வருகிறவன் நான். பின்னால் வருகிறவனிடம் மனிதர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். அப்படி மூக்குக்கண்ணாடிக் கடை அக்கா சொன்னது இது. எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. ஆனா அதுல என்னை அழ வைக்காதீங்க."

எங்கள் குழு மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஊரையொட்டிய புதர்க்காட்டில் பகல் முழுக்க நடக்கும். இன்னொரு சனிக்கிழமை நகரத்துக்குள் ஏதாவது ஓவியக்கூடத்துக்குப் போகும்.

2

"மழை பெய்துகொண்டிருந்த அந்தக் காலையில், ஈரமான சாலை..."

வேண்டாம். மழையில் தொடங்கும் கதைகள் போதும் போதும் என்றாகிவிட்டன. விவாகரத்தில் தொடங்குகிறேன்.

அக்காவும் அவர் கணவரும் பிரிந்தபோது வீட்டைப் பிரிப்பது சுலபமாக முடிந்தது. நடைக்குழுவைப் பிரிப்பதில்தான் இழுபறி. கணவர் கட்டட நிறுவனமொன்றில் வரைபடக்காரர். கடைசியில் அவரே சொன்னாராம்: "காடு உனக்கு, ஓவியம் எனக்கு." அதன்பின் சில வருடங்கள் ஒருவர் கண்ணில் ஒருவர் படவில்லை.

(ஏன் பிரிந்தார்கள்? "பெருசா ஒண்ணும் இல்ல. நாமதான் சரின்னு ரெண்டு பேருக்கும் ஒரு நெனப்பு" என்றார் அக்கா. கதைக்கு இது போதாதென்று ஒரு துரோகத்தைச் சேர்த்துப் பார்த்தேன். பொய் பல்லிளித்தது. எடுத்துவிட்டேன்.)

3

ஆக, மழை. (விடாது போலிருக்கிறது.) காட்டுப்பாதையை மூடிவிட்டார்கள். குழுத்தலைவர் பேருந்தை ஓவியக்கூடத்துக்குத் திருப்பச் சொல்லி, எல்லோருக்கும் செய்தியும் அனுப்பினார். அதைப் பார்த்து வரைபடக்காரரும் வந்துவிட்டார்.

காட்டுக்கான கனத்த பூட்ஸோடு பளபளத்த தரையில் நின்ற அக்கா, ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். அங்கிருந்துதான் கவனித்தார். வரைபடக்காரர் இடதுபக்கமிருந்த சிலை ஒன்றில் இடித்துக்கொண்டு, அதனிடமே "சாரிங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. கண்களைச் சோதிப்பதே அவர் தொழில்.

மெல்லப் போய் அவருக்கு இடதுபக்கம் நின்றார். அவர் திரும்பவே இல்லை. பழைய கோபமென்று அக்கா முதலில் நினைத்தாராம்.

4

"இங்க பாருங்க."

(பிரிந்த கணவரை எப்படிக் கூப்பிடுவது? "என்னங்க" என்று எழுதி அடித்தேன்.)

அவர் திடுக்கிட்டு உடம்போடு திரும்பினார். "நீயா? எப்ப வந்த?"

"பக்கத்துலயேதான் நிக்கிறேன். அந்தப் படத்துல நடுவுல ஒரு விளக்கு இருக்கில்ல? அதையே பாருங்க. கண்ணை நகத்தாதீங்க. இடதுபக்கம் என்ன தெரியுது?"

"சுவர்."

"படத்துல அங்க ஒரு பொண்ணு நிக்கிறா."

அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் அந்தப் பெண் தெரிந்தாள்.

"வண்டி ஓட்டறீங்களா?"

"விட்டுட்டேன்."

யார் சொன்னாலும் வண்டியை விடாத மனிதர்.

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனா ஏதாவது சொல்லுவாரு. ஆபீஸ்ல தெரிஞ்சா வேலை போயிடும். பார்வை இருக்கறவரைக்கும் பாத்துக்கலாம்னுதான் ஒரு படத்தையும் விடாம வர்றேன்."

"திங்கக்கிழமை கிளம்பியிருங்க. நான் வர்றேன்."

"நீ எதுக்கு?"

"தனியா விட்டா வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிடுவீங்க."

5

இரண்டு முடிவுகளை எழுதினேன். ஒன்றில் எல்லாம் குணமாகிவிடுகிறது. படித்துவிட்டு அக்கா முறைத்தார். இன்னொன்றில் வரைபடக்காரரின் பார்வை முழுக்கப் போய்விட, அக்கா அவர் கையைப்...

மேலே எழுத எனக்கே கை வரவில்லை.

நடந்தது இதுதான். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் மருத்துவர். தினமும் சொட்டு மருந்து, வேளை தவறக்கூடாது. வெளியே நர்ஸ் மருந்தை அக்காவின் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"நீங்க இவருக்கு என்ன வேணும்?"

அக்கா என்ன சொன்னார் என்று அடுத்த நடையில் கேட்டேன். "அதை மட்டும் கேக்காதீங்க" என்று எனக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்துவிட்டார். "மனைவி" என்று போட்டு அடித்தேன். "தெரிஞ்சவங்க" என்று போட்டேன், கூசியது. "ஒரே நடைக்குழு" என்று போட்டபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நர்ஸ் நிமிர்ந்து பார்க்கிறார். பதில் தெரிந்துகொள்ள வரைபடக்காரரும் காத்திருக்கிறார். என்னிடம் சொல் இல்லை. உங்களிடம் இருந்தால் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடப் போகிறார்கள்.