சன்னலோரம் நின்றவள்

என் வீட்டுக்காரர் கவிஞர். நான் போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கேன். சோறு போடுறது ஸ்டுடியோ, பேர் வாங்குறது கவிதை. போனாப் போகுதுன்னு விட்டிருந்தேன், அவரோட புதுத் தொகுப்பு வர்ற வரைக்கும்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்னிக்கு, கேமராவுல டைமர் போட்டுட்டு ஓடிவந்து நின்னு நான் எடுத்த படம் ஒண்ணு ஹால்ல தொங்குது. நடுவுல நாங்க ரெண்டு பேரும். பின்னாடி சன்னல்கிட்ட, ஆள் அடையாளம் தெரியாத இருட்டுல ஓர் உருவம். முன்னுரையிலயே இந்தப் படத்தைச் சொல்லி, அதுமேலதான் மனுஷன் பதினோரு கவிதை எழுதித் தள்ளியிருக்கார்! ‘நனைந்த கூந்தல்’, ‘இதழோரம் பூத்த வெள்ளைப் பூ’, ‘பெயர் சொல்லாமல் போனவளே’... படிக்கப் படிக்க எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது.

"யாருங்க அவ?"

"கவிதையில எல்லாம் யாருன்னு கேக்கக் கூடாது."

அவரோட தங்கச்சி சும்மா இருப்பாளா? "நல்லா யோசிச்சுப் பாருங்க அண்ணி, அன்னிக்கு யார் யாரு வந்திருந்தாங்க?"ன்னு எரியிற நெருப்புல எண்ணெய் ஊத்திட்டுப் போனா. மூணு நாள் நான் அவரோட பேசலை. ஒருத்தி என் வீட்டு ஹால்லயே இத்தனை வருஷமா தொங்கிக்கிட்டு இருந்திருக்கா, நான் தினமும் தூசி தட்டியிருக்கேன். நான் என்ன இளிச்சவாயா?

நாலாம் நாள்தான் புத்தி வந்துது. அடச்சே, நெகட்டிவ் என்கிட்டதானே இருக்கு! தேடி எடுத்து, ஸ்கேன் பண்ணி, பெருசாக்கி, இருட்டா இருந்த மூலையை வெளிச்சமாக்கினேன்.

கூந்தலுக்குக் கீழே மீசை.

என் தம்பி! அப்போ தோள் வரைக்கும் முடி வளர்த்துக்கிட்டுத் திரிஞ்சான். ஈரத் தலையோட நின்னு பல் விளக்கிக்கிட்டு இருக்கான் கடன்காரன். வெள்ளைப் பூ, பேஸ்ட் நுரை. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு புண்ணாப் போச்சு.

பெரிய பிரிண்ட்டா போட்டு வீட்டுக்காரர் முன்னாடி வச்சேன். முகத்துல ஈயாடலை.

"ஐயையோ, யார்கிட்டயும் சொல்லிடாதே. நாளைக்கு வெளியீட்டு விழா."

"அப்போ யாருன்னே தெரியாமலா எழுதினீங்க?"

"தெரியாததாலதான் எழுத வந்துது."

"பக்கத்துலயே பளிச்சுனு நிக்கறேனே, என்மேல ஒரு வரி?"

"உன்னைத்தான் எனக்கு முழுசாத் தெரியுமே."

சாதாரணமா சொல்லிட்டு, பிரிண்ட்டை மடிச்சுப் பைக்குள்ள வச்சுக்கிட்டார். திட்டியிருந்தாக்கூட எனக்கு அவ்வளவு வலிச்சிருக்காது.

விழாவுல படம் எடுக்கற வேலை எனக்குத்தான். பேசினவங்க அத்தனை பேரும் அந்தப் பெண்ணைக் கொண்டாடித் தீர்த்தாங்க. கடைசியில ஒரு டீச்சர் கண் கலங்க எழுந்து, "அவங்க இப்போ எங்கே இருக்காங்க சார்?"னு கேட்டாங்க. இவர் அண்ணாந்து பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டு, "தெரியலையேம்மா"ன்னார்.

என்னால தாங்க முடியலை. மேடைக்குக் கீழே இருந்தே சத்தமாச் சொன்னேன்: "மூணாவது வரிசையில உக்காந்திருக்கு. பல் விளக்கிக்கிட்டு நின்னது என் தம்பிங்க. எழுந்திருடா!"

மீசையைத் தடவிக்கிட்டே எழுந்து நின்னான் பாவி. கூட்டம் ஒரு நொடி திகைச்சு, அப்புறம் கொல்லுனு சிரிச்சுது.

வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கலை. வாயைப் பொளந்துக்கிட்டு என்னையே பார்த்தார். இவ யாரு, எங்கேயிருந்து வந்தாங்கற மாதிரி பார்த்தார். கல்யாணம் ஆனதுலேருந்து என்னை அவர் அப்படி உத்துப் பார்த்ததே இல்லை.

அந்த முகத்தை அப்படியே ஒரு படம் எடுத்துட்டு, "இப்போ எழுதுங்க"ன்னேன்.