ஆடி முடியட்டும்

துரைப்பாண்டி வாங்கி வந்த தையல் மெஷினைப் பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் சிரித்தார்கள். மினி லாரியிலிருந்து அதை இறக்கவே நாலு பேர் வேண்டியிருந்தது. ஆம்பூரில் ஏதோ ஒரு ஷூ கம்பெனியில் ஐம்பது வருஷம் ஓடி, மதுரையில் பழைய சாமான் வியாபாரியிடம் வந்து கிடந்த மெஷின். உடம்பெல்லாம் வார்ப்பிரும்பு. எண்ணெய் காய்ந்து பிசினாகி, சக்கரம் அரைச் சுற்றுகூட வரவில்லை.

"யானைய வாங்கிட்டு வந்து கட்ட எடம் தேடுதீரே வே" என்றான் சாம்சன். பக்கத்துக் கடையில் மோட்டார் வைண்டிங் செய்கிறவன். துரைப்பாண்டிக்கு ராஜபாளையம் ரோட்டில் சீட் கவர் கடை; வீடு கடைக்குப் பின்னாலேயே. இருபது வருஷமாக ஆட்டோவுக்கும் பைக்குக்கும் ரெக்சின் தைக்கிறவர். அதற்கு அவரிடம் இருந்த சின்ன மெஷினே தாராளம். யானையை வாங்கியது அவர் மனைவி கோமதித்தாயின் காலுக்காக.

பன்னிரண்டு வருஷத்துச் சர்க்கரை அவளுக்கு. போன வருஷம் இடது கால் சுண்டுவிரலை எடுத்தாயிற்று. பாதத்தில் உணர்ச்சி கிடையாது. முள் குத்தினாலும் தெரியாது, தீ சுட்டாலும் தெரியாது. வீட்டுக்குள் கூடச் செருப்பில்லாமல் நடக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் சொன்ன மெத்தைச் செருப்பை வாங்கினார்கள். விரல் போன கால் ஒரு பக்கமாக அகன்றுவிட்டதால் வார் சரியாகத் தழும்பிலேயே உரசியது. வேறு இரண்டு ஜோடி வாங்கிப் பார்த்தும் அதே கதைதான். கடைசியில் தன் தேய்ந்த ரப்பர் செருப்புக்கே திரும்பிவிட்டாள்.

"ஊரு வண்டிக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கேன், எம் பொண்டாட்டி காலுக்குத் தைக்க மாட்டனா?" என்று கிளம்பியவர்தான் துரைப்பாண்டி. அவளை அட்டைமேல் நிற்க வைத்து, இரண்டு பாதத்தையும் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டார்.

"கூசுதா?"

"கூசினாத்தான் நல்லாருக்குமே" என்றாள் அவள்.

அடியில் தடித்த தோல் இரண்டு அடுக்கு, நடுவே மெத்தென்ற ரப்பர், மேலே ஆட்டுத்தோல் என்று இரண்டு காலுக்கும் வெட்டி வைத்தார். அந்தக் கனத்துக்குச் சின்ன மெஷினின் ஊசி பட்பட்டென்று முறிந்தது. அப்புறம்தான் மதுரைக்குப் போனார்.

ஆனி மாசம் முழுக்க யானைக்கு வைத்தியம் நடந்தது. பாகம் பாகமாகக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பல் தேய்க்கிற பிரஷால் தேய்த்தெடுத்தார். கூடவே வந்த மோட்டார் மிதித்தால் பாய்கிற ரகம். தோலுக்கோ நிதானம் வேண்டும். சாம்சன் சின்னப் புல்லி மாட்டி அதன் வேகத்தை அடக்கினான். பாடாய்ப் படுத்தியது கொக்கிதான். ஊசி அடிவரை இறங்கி மேலே கிளம்புகிற நேரம் பார்த்துக் கொக்கி வந்து நூலைப் பிடிக்க வேண்டும். மயிரிழை முந்தினாலும் பிந்தினாலும் தையல் விழாது. பழைய கொக்கியின் மூக்கு தேய்ந்திருந்தது. மாற்றுக் கொக்கிக்காக மதுரைக்கு மூன்று நடை நடந்தார். அதை மாட்டி, சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எல்லாம் சரியாக நின்றபோது ஆடி பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

"நூலக் கோத்துரும் வே, ஒரு தையல் போட்டுப் பாத்துருவோம்" என்றான் சாம்சன்.

துரைப்பாண்டி கையைத் துடைத்துக்கொண்டார். "ஆடி முடியட்டும்."

"என்ன சொல்லுதீரு?"

"நூலு கோத்தா தொடங்கினதாயிரும். ஆவணி ஒண்ணாம் தேதி பொட்டு வச்சு, சூடம் கொளுத்தித் தொடங்குவோம். இன்னும் ஒரு மாசந்தான வே, ஓடிரும்."

"மெஷினுக்கு என்ன வே ஆடியும் ஆவணியும்? மதினி இன்னைக்கும் அந்தத் தேஞ்ச செருப்பத்தான போட்டுட்டுத் திரியுதாவ?"

துரைப்பாண்டி கேட்கவில்லை. அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. முன்பு ஒருமுறை, யார் சொல்லியும் கேட்காமல் ஆடியில் புளியங்குடியில் கடை திறந்து, பொங்கலுக்குள் மூடிவிட்டு வந்தவர். சூடு கண்ட பூனை. மெஷின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார்.

ஊர்க் கோயிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியது. கோமதித்தாய் வருஷம் தவறாமல் கோயில் பிராகாரத்தில் ஆடிச்சுற்று சுற்றுகிறவள். ஒற்றைக்காலில் தவம் நிற்கிற அம்மாளின் கால்வலியில் கொஞ்சத்தைச் சுற்றுகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள் என்பது நம்பிக்கை. "வெறுங்காலோட கல்லுல நடக்கவா? வேண்டவே வேண்டாம்" என்று இந்த வருஷம் துரைப்பாண்டி தடுத்துவிட்டார். அதிலெல்லாம் ரொம்பக் கவனமான மனுஷர்! தபசன்று தெருவில் நின்று அம்மாளைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கெஞ்சினாள். செருப்பைக் கழற்றாமல் போய்விட்டு வா என்று அனுப்பினார்.

விளக்கு வைத்தபின் திரும்பி வந்தாள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், வாசலிலிருந்து அடுப்படி வரை தரையில் சிவப்புச் சிவப்பாகச் செருப்புத்தடம்.

"ஏட்டி, என்ன இது?"

"குங்குமமா இருக்கும். ரத வீதி பூரா கொட்டிக் கெடந்துச்சு."

அவளை உட்கார வைத்து இடது காலைத் தூக்கிப் பார்த்தார். பந்தல் ஆணி ஒன்று ரப்பரைத் துளைத்துப் பாதத்துக்குள் இறங்கியிருந்தது. செருப்பையும் காலையும் சேர்த்துத் தைத்தது போல இருந்தது. எங்கே குத்தியது, எப்போது குத்தியது, அவளுக்கு எதுவுமே தெரியவில்லை.

மருந்து, ஊசி எல்லாம் பார்த்தார்கள். பாதம் கறுத்து, கறுப்பு மேலே ஏறியது. ஆடி முடிய மூன்று நாள் இருக்கையில், திருநெல்வேலியில், முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். "இந்தச் செருப்பையா போட்டிருந்தாங்க?" என்று டாக்டர் கேட்டபோது துரைப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டார். மயக்கம் தெளிந்ததும் கோமதித்தாய்தான் அவரைத் தேற்றினாள். "அம்மாளே ஒத்தக்கால்லதான நிக்கா. எனக்கென்ன?" அவர் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதார். அவர் காத்திருந்த ஆவணி ஒன்றாம் தேதி ஆஸ்பத்திரியிலேயே வந்து போனது.

வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாம்சன் பார்க்க வந்தான். துரைப்பாண்டி மெஷினைக் காட்டி, "இத நீரே எடுத்துக்கிடும். பழைய இரும்புக்குப் போட்டாலும் சரி. எங் கண்ணு முன்னால நிக்க வேண்டாம்" என்றார்.

உள்ளே கட்டிலில் இருந்த கோமதித்தாய்க்கு அது கேட்டுவிட்டது. "எதுக்குங்க? எனக்கு இன்னொரு காலு இருக்குல்லா? அதையும் ஆணிக்குக் குடுக்கவா?"

துரைப்பாண்டி போய்த் துண்டை எடுத்தார். நூலைக் கோத்தார். வலது காலுக்கு வெட்டிய தோலை அடுக்கி ஊசிக்கடியில் வைத்தார். சாம்சன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மெல்ல இழுத்தான். "வே, ஞாயித்துக்கெழம அஞ்சு மணி. ராகுகாலம்லா?"

"தெரியும்."

தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? பொட்டும் வைக்கவில்லை, சூடமும் கொளுத்தவில்லை. பெடலை மிதித்தார். ஊசி நிதானமாக இறங்கி ஏறியது. ஒரு தையல்கூடத் தவறவில்லை. வாரையும் சேர்த்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. இந்த முக்கால் மணி நேர வேலையைத்தான் ஒரு மாசத்துக்கு மேலாகத் துண்டு போட்டு மூடி வைத்திருந்தார்.

அவளைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, தரையில் அமர்ந்து மாட்டிவிட்டார். சாம்சன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஒரு கணம் நின்று பார்த்தாள். பின் உட்கார்ந்து குனிந்து வாருக்கும் காலுக்கும் நடுவே விரலை விட்டுச் சுற்றிலும் தடவினாள்.

"கச்சிதமா இருக்குங்க. எங்கயும் உரசல."

மேஜைமேல் இடது காலுக்கு வெட்டிய தோல் அப்படியே இருந்தது. துரைப்பாண்டி தட்டுத் தடுமாறி, "பொய்க்காலு மாட்டினா, அதுக்கும் தச்சுத் தாரேன்" என்றார்.

"அதுக்கு எதுக்கு? கடைச் செருப்பே பத்தும். அதுக்கு விரல் அஞ்சும் இருக்கும்லா?"

துரைப்பாண்டி அவள் காலைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி உடைந்து அழுதார். கண்ணீர் அவள் பாதத்தில் விழுந்து வாருக்குள் இறங்கியது. அவளுக்கு அது தெரியவில்லை. தோல் நிறம் மாறுவதைப் பார்த்த பிறகுதான் சொன்னாள்.

"ஏங்க, அழாதீங்க. புதுத் தோலு, நனையுது பாருங்க."